பதக்கக் கணக்கில் வராத பிள்ளைகள்

2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் பொறுப்பு அகமதாபாத் நகருக்குக் கிடைத்திருக்கிறது. 2036 ஒலிம்பிக் போட்டிகளையும் இந்தியாவிலேயே நடத்த விரும்புவதாக 2024 அக்டோபரிலேயே சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்குக் கடிதம் கொடுக்கப்பட்டுவிட்டது. அரங்குகள், மேம்பாலங்கள், நட்சத்திர விடுதிகள், அவற்றுக்கான ஒப்பந்தங்கள் என்று பேச்சு வளர்ந்துகொண்டே போகிறது. பதக்கப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வரவேண்டும் என்ற முழக்கமும் சேர்ந்துகொண்டது.

இந்தப் பேச்சில் ஒரு கூட்டத்தாரைப் பற்றிய சொல் மட்டும் இல்லை. 2036இல் இந்தியாவின் பெயரை மார்பில் தாங்கிக் களம் இறங்க வேண்டியவர்களுக்கு இன்று எட்டு வயது முதல் பதினான்கு வயது வரை இருக்கும். அரியானாவின் மல்யுத்தக் கூடங்களிலும், மணிப்பூரின் குத்துச்சண்டைப் பயிற்சி நிலையங்களிலும், ஜார்க்கண்டின் ஹாக்கி மைதானங்களிலும், மாநில அரசுகளின் விளையாட்டு விடுதிகளிலும் அவர்கள் விடியுமுன் எழுந்து ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் என்ன உண்கிறார்கள், எங்கே உறங்குகிறார்கள், அடிபட்டால் யார் பார்க்கிறார்கள், அநீதி நேர்ந்தால் யாரிடம் சொல்ல முடியும் என்ற கேள்விகளுக்கு விடை தேடாமல் அரங்கம் கட்டக் கிளம்புவது, அடித்தளம் தோண்டாமல் கோபுரக் கலசத்துக்கு விலை பேசுவதைப் போன்றது.

பயிற்சி என்பதும் உழைப்பே

விளையாட்டு என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது. தமிழில் அது பொழுதுபோக்கையும் குறிக்கும், பொறுப்பின்மையையும் குறிக்கும். ஆனால் உயர்நிலைப் பயிற்சியில் இருக்கும் பதின்மூன்று வயதுச் சிறுமியின் நாளை எண்ணிப் பாருங்கள். அதிகாலைப் பயிற்சி, பள்ளி, மாலைப் பயிற்சி, எடை பார்த்தல், உணவுக் கட்டுப்பாடு, விடுதி அடைப்பு, ஆண்டு முழுதும் தேர்வுகள். தொழிற்சாலையில் இவ்வளவு நேரம் இவ்வளவு கட்டுப்பாட்டில் ஒரு சிறுமியை வைத்திருந்தால் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்து கதவைத் தட்டும். மைதானத்தில் அது 'அர்ப்பணிப்பு' என்று புகழப்படுகிறது.

இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் யாருடைய பிள்ளைகள்? சிறு விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், ஆதிவாசிகள், தலித்துகள். விளையாட்டு இடஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலை கிடைத்தால் ஒரு குடும்பமே கரையேறும் என்ற நம்பிக்கைதான் அவர்களை விடுதிக்கு அனுப்புகிறது. 'கேலோ இந்தியா' திட்டத்தில் தேர்வாகும் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ.6.28 லட்சம் வரை செலவிடப்படுகிறது, அதில் ரூ.1.20 லட்சம், அதாவது மாதம் ரூ.10,000, கைச்செலவுத் தொகை. பல குடும்பங்களில் தந்தையின் மாத வருமானத்தைவிட அது அதிகம். இத்தகைய உதவிகள் தேவையானவை. அவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்தத் தொகை தொடருமா நிற்குமா என்பது செயல்திறன் மதிப்பீட்டில் தொங்குகிறது. அந்த மதிப்பீட்டில் பயிற்சியாளரின் சொல்லுக்குப் பெரும் எடை உண்டு. வீட்டின் அடுப்பே தன் கால்களில் இருக்கிறது என்று அறிந்த குழந்தை, கால் வலிக்கிறது என்றுகூட வாய் திறக்காது. அதைவிடக் கொடிய ஒன்று நேர்ந்தால் எப்படித் திறக்கும்?

ஒரே கையில் குவியும் அதிகாரம்

யார் பயிற்சி தருகிறாரோ அவரே தேர்வு செய்கிறார், அவரே விடுதியை நிர்வகிக்கிறார், வெளியூர்ப் பயணத்துக்குப் பெயர் எழுதுகிறார், சான்றிதழ் தருகிறார், புகாரையும் முதலில் அவரிடம்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு மேலே மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், தேசிய சம்மேளனம். அங்கே அரசியல்வாதிகளும் காவல்துறை உயர் அதிகாரிகளும் தொழிலதிபர்களும் பத்தாண்டு, இருபதாண்டு என்று வீற்றிருக்கிறார்கள். தனிமனிதர்களின் ஒழுக்கக்கேடு என்று இதைச் சுருக்கிவிட முடியாது. இது ஓர் அதிகாரக் கட்டமைப்பு.

1990 ஆகஸ்டில் அரியானாவின் பஞ்ச்குலாவில் நடந்ததை இந்நாடு மறந்திருக்கக் கூடாது. 14 வயது டென்னிஸ் வீராங்கனை ஒருவர், மாநில டென்னிஸ் சங்கத் தலைவராகவும் காவல்துறை ஐ.ஜி.யாகவும் இருந்த எஸ்.பி.எஸ். ராத்தோர் தன்னிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாகப் புகார் கூறினார். அவர் படித்த பள்ளி அவரையே வெளியேற்றியது. அவருடைய சகோதரர் மீது திருட்டு வழக்குகள் அடுக்கடுக்காகப் போடப்பட்டன. 1993 டிசம்பரில் அந்தச் சிறுமி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ராத்தோர் மாநிலக் காவல்துறைத் தலைவர் பதவிவரை உயர்ந்தார். முதல் தகவல் அறிக்கை பதிவாகவே 1999 டிசம்பர் ஆயிற்று. 2009 டிசம்பரில் சி.பி.ஐ. நீதிமன்றம் வழங்கிய தண்டனை ஆறு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம். மேல்முறையீட்டில் அது பதினெட்டு மாதமாக உயர்ந்தது. 2016இல் உச்சநீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்தாலும், ஏற்கெனவே சிறையில் கழித்த சுமார் ஆறு மாதமே போதுமென்று முடித்தது. புகாருக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே 26 ஆண்டுகள்.

அதன்பின் நிலைமை மாறிவிட்டதா? 2023 ஜனவரி 18 அன்று தில்லி ஜந்தர் மந்தரில் வினேஷ் போகட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் அமர்ந்தார்கள். இந்திய மல்யுத்த சம்மேளனத்தின் தலைவரும் பாரதிய ஜனதா நாடாளுமன்ற உறுப்பினருமான பிரிஜ் பூஷண் சரண் சிங் மீதும், சில பயிற்சியாளர்கள் மீதும் அவர்கள் பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகளை முன்வைத்தனர். அரசு ஒரு மேற்பார்வைக் குழுவை அமைத்தது; அதன் அறிக்கை மக்கள் முன் வைக்கப்படவில்லை. ஏப்ரலில் மீண்டும் அமர்ந்தார்கள். உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகே ஏப்ரல் 28 அன்று தில்லிக் காவல்துறை வழக்குப் பதிந்தது. மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளில், அதே தில்லியில், நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தந்தவர்கள் தெருவில் இழுத்துச் செல்லப்பட்டார்கள். அப்போது அவர்களோடு நின்றவர்கள் விவசாயச் சங்கங்களும் மாதர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும்தான்.

வழக்கின் இன்றைய நிலையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குற்றச்சாட்டுகளை பிரிஜ் பூஷண் மறுத்துவருகிறார். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்று சொல்லப்பட்ட புகார்தாரரின் போக்சோ வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்ற காவல்துறை அறிக்கையை 2025 மே மாதம் நீதிமன்றம் ஏற்றது. மற்ற பெண்களின் புகார்களின் பேரில் 2024 மே மாதம் குற்றச்சாட்டுகள் வரையப்பட்டன. தீர்ப்பு நீதிமன்றத்தின் பொறுப்பு. நாம் கேட்பது வேறு. 2023 டிசம்பரில் அவருக்கு நெருக்கமானவரான சஞ்சய் சிங் தலைவராகத் தேர்வானதும் சாக்ஷி மாலிக் தன் காலணிகளை மேசைமீது வைத்துவிட்டு மல்யுத்தத்தைவிட்டே விலகினார். புதிய நிர்வாகம் செய்த முதல் காரியங்களில் ஒன்று என்ன தெரியுமா? 15 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் தேசியப் போட்டிகளை கோண்டா மாவட்டம் நந்தினி நகரில், அதாவது பிரிஜ் பூஷணின் சொந்தக் கோட்டையில், நடத்துவதாக அறிவித்தது. விளையாட்டு அமைச்சகமே அந்த அறிவிப்பை அவசரமானது என்று குறை கூறி நிர்வாகத்தை இடைநீக்கம் செய்தது. முன்னாள் நிர்வாகிகளின் வளாகத்திலிருந்தே சம்மேளனம் இயங்குவதாகத் தோன்றுகிறது என்றும் சுட்டிக்காட்டியது. 2025 மார்ச்சில் அந்த இடைநீக்கமும் விலக்கப்பட்டது. ஒலிம்பிக் பதக்கம் வென்ற ஒருவரின் குரலுக்கே இந்த மதிப்பு என்றால், மாவட்ட விடுதியில் இருக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் குரலுக்கு என்ன மதிப்பு இருக்கும்?

சிதறலாக வந்த செய்திகளைக் கோத்துப் பார்த்தால் இதுவே புலப்படும். இந்திய விளையாட்டு ஆணையத்தின் நிலையங்களில் பத்தாண்டுக் காலத்தில் 45 பாலியல் துன்புறுத்தல் புகார்கள் எழுந்தன என்றும், அவற்றில் 29 பயிற்சியாளர்கள் மீதானவை என்றும் 2020 தொடக்கத்தில் நாளிதழ்ப் புலனாய்வு வெளிக்கொணர்ந்தது. 2015 மே மாதம் ஆலப்புழையில் ஆணையத்தின் நீர்விளையாட்டுப் பயிற்சி மையத்தில் நான்கு மாணவியர் ஒன்றாக உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றனர். ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை. 2021இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார். 2022இல் 17 வயதுக்குட்பட்ட மகளிர் கால்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளர் ஐரோப்பியப் பயணத்தின் நடுவிலேயே திருப்பி அனுப்பப்பட்டு நீக்கப்பட்டார். 2025 ஜனவரியில் கேரளத்தின் பத்தனம்திட்டாவில், தலித் குடும்பத்தைச் சேர்ந்த இளம் தடகள வீராங்கனை தன் ஐந்தாண்டுத் துயரத்தை வெளியே சொன்னபோது, கைதானோர் பட்டியலில் பயிற்சியாளர்களும் இருந்தார்கள். இடதுசாரி அரசு ஆண்ட மாநிலமாயிற்றே என்று நாம் இதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே ஆலோசகர்களிடம் அந்தப் பெண் பேச முடிந்தது, காவல்துறை விரைந்து நடவடிக்கை எடுத்தது என்பது உண்மை. ஐந்தாண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை என்பதும் உண்மை.

இங்கே மொழி பற்றி ஒரு சொல். இத்தகைய செய்திகளைத் தமிழ் ஏடுகள் 'பாலியல் சீண்டல்' என்று எழுதுகின்றன. சீண்டல் என்பது உடன்பிறந்தார் ஒருவரையொருவர் செய்வது, விளையாட்டுத்தனம் கலந்தது. அதிகாரத்தில் இருக்கும் வயதுவந்த ஆள் ஒரு குழந்தையின் உடலை ஆள்வதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது குற்றத்தின் எடையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. அதன் பெயர் வன்முறை, அப்படியே எழுதுவோம்.

உடலைப் பிழிந்தெடுக்கும் முறை

பாலியல் வன்முறை மட்டுமே கேடு என்று எண்ணிவிடக் கூடாது. நாள்தோறும் நடப்பவை வேறு. அவற்றைக் கொடுமை என்றே பலர் கருதுவதில்லை.

ஒடிசாவின் புதியா சிங்கை நினைவிருக்கலாம். 2006 மே மாதம், நான்கு வயதில், பூரிக்கும் புவனேசுவரத்துக்கும் இடையே 65 கிலோமீட்டர் தூரத்தை ஏழு மணி நேரத்தில் ஓடினான். தாயின் வறுமையால் ரூ.800க்கு விற்கப்பட்ட குழந்தை அவன். அவனை மீட்டு வளர்த்த ஜூடோ பயிற்சியாளரே அவனை ஓடவும் வைத்தார். கோடை வெயிலில் ஒரு மழலை மயங்கிச் சரியும்வரை ஓடுவதைப் பார்க்கத் தெருவோரம் கூட்டம் கூடியது. சாதனைப் புத்தகத்தில் பெயர் ஏறியது. மருத்துவர்களும் குழந்தைகள் நலத்துறையும் தலையிட்டபோது, ஏழைச் சிறுவனின் வாய்ப்பைப் பறிக்கிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. ஏழைக் குழந்தைக்கு வாய்ப்பு என்றால் அது தன் உடலைப் பணயம் வைப்பதாகத்தான் இருக்க வேண்டுமா என்று அன்று கேட்டவர்கள் சிலரே.

உடலைப் பிழியும் இம்முறையின் அடுத்த படி ஊக்கமருந்து. 2023இல் இந்தியாவில் சோதிக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 213இல் தடைசெய்யப்பட்ட பொருள்கள் கண்டறியப்பட்டன. நூற்றுக்கு 3.8 என்பது, பெருமளவில் சோதனை நடத்தும் நாடுகளில் மிக உயர்ந்த விகிதம். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் சிக்கிய நிகழ்வுகளில் ரஷ்யாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு என்று உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையின் ஆய்வு 2024 ஜனவரியில் தெரிவித்தது. 2023 செப்டம்பரில் தில்லி மாநிலத் தடகளப் போட்டியில் சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும், ஆடவர் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரே ஒருவர் தவிர மற்றவர்கள் களமிறங்கவேயில்லை. இளையோர் தடைதாண்டு ஓட்டத்தில் ஒரு பெண் வெற்றிக்கோட்டைக் கடந்த பின்னும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தார். அதிகாரி பின்னால் ஓடினார். நாடே இதைச் சொல்லிச் சிரித்தது. சிரிக்க என்ன இருக்கிறது? பதின்வயதுப் பெண்ணின் கையில் ஊசியைக் கொடுத்தது யார், எந்த மருந்துக் கடை, எந்தப் பயிற்சியாளர் என்று கேட்டவர்கள் யார்? தடை விதிக்கப்படும்போது அழிவது குழந்தையின் வாழ்க்கை. கொடுத்தவர் அடுத்த மாணவரைத் தேடிப் போகிறார்.

எடைப் பிரிவு விளையாட்டுகளில் பட்டினியும் ஒரு பயிற்சிமுறை. 2024 ஆகஸ்டில் பாரிசில் வினேஷ் போகட் இறுதிப் போட்டியன்று காலை 100 கிராம் கூடுதல் எடைக்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இரவு முழுதும் உணவும் நீரும் தவிர்த்து, வியர்வை வடித்து, தலைமுடியைக்கூட வெட்டியும் அந்த 100 கிராம் இறங்கவில்லை. மருத்துவக் குழுவே உடனிருந்த ஒலிம்பிக் வீராங்கனையின் நிலை அது. அதே எடைக் குறைப்பை மருத்துவரே இல்லாத ஊர்ப்புறக் கூடங்களில் பூப்பெய்தும் வயதுச் சிறுமிகள் செய்கிறார்கள். எலும்பு வளரும் பருவத்தில், மாதவிடாய் தொடங்கும் பருவத்தில், சோறும் தண்ணீரும் மறுக்கப்படும் உடல் பிற்காலத்தில் என்ன விலை கொடுக்கும் என்பதை எந்தச் சம்மேளனமும் கணக்கில் எழுதுவதில்லை.

மதிப்பளிக்கும் விதத்திலும் இதே மனப்பான்மைதான். 2022 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூரில், மாநிலப் போட்டிக்கு வந்த 17 வயதுக்குட்பட்ட கபடி வீராங்கனைகளுக்கான சோறு கழிப்பறைத் தரையில் வைக்கப்பட்டிருந்த காட்சியை நாடு பார்த்தது. ஓர் அதிகாரி இடைநீக்கம் செய்யப்பட்டார். அந்தச் சோற்றை அங்கே வைக்கலாம் என்று எண்ண வைத்த மனநிலையை இடைநீக்கம் செய்ய யார் இருக்கிறார்கள்?

பயிற்சியாளருக்கு இந்திய அரசு வழங்கும் உயரிய விருதின் பெயர் துரோணாச்சாரியார் விருது. 1985 முதல் வழங்கப்படுகிறது. வேடர் குலத்து ஏகலைவனின் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டு வாங்கிய ஆசான் அவர். ஆதிவாசிப் பிள்ளைகளின் வில்வித்தையில் பெருமை கொள்ளும் ஒரு குடியரசு, அவர்களுக்குப் பயிற்சி தருவோர்க்கு இந்தப் பெயரில் விருது தருவதன் பொருத்தக்கேடு நாற்பது ஆண்டுகளாக யாரையும் உறுத்தவில்லை. குருவின் சொல்லை மறுக்கக் கூடாது என்ற மரபு நம் பயிற்சிக் களங்களில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உலகம் தரும் பாடம்

இந்தியாவில் மட்டும்தான் இப்படி என்று சொல்வதும் தவறு. அமெரிக்க ஜிம்னாஸ்டிக் அணியின் மருத்துவர் லாரி நாசர் பல்லாண்டுகளாகச் சிறுமிகளைச் சிகிச்சை என்ற பெயரில் வன்முறைக்கு உள்ளாக்கினார். பலர் முன்பே புகார் சொல்லியும் நிறுவனங்கள் தம் பெயரைக் காக்கவே முனைந்தன. 2016இல் ஒரு நாளிதழ் அம்பலப்படுத்திய பிறகுதான் வழக்கு நகர்ந்தது. 2018 ஜனவரியில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக் பயிற்சி பற்றி 2022 ஜூனில் வெளியான வைட் அறிக்கை, காயத்தோடு பயிற்சி செய்ய வைத்தல், உணவும் நீரும் மறுத்தல், எடையைச் சொல்லி அவமானப்படுத்தல் ஆகியவை அங்கே வழக்கமாகவே இருந்தன என்று பதிவு செய்தது. தென்கொரியாவில் 2020 ஜூனில் ஒரு டிரையத்லான் வீராங்கனை, பயிற்சியாளரின் கொடுமை பற்றிப் பல அமைப்புகளிடம் முறையிட்டும் கேட்பாரின்றி உயிரை மாய்த்துக்கொண்டார்.

சோசலிச முகாமின் வரலாற்றையும் நாம் மறைக்க முடியாது. கிழக்கு ஜெர்மனி 1970களில் அரசின் திட்டமாகவே பதின்வயதுப் பெண்களுக்கு வைட்டமின் என்று சொல்லி ஹார்மோன் மாத்திரை கொடுத்தது. அந்நாட்டின் பதக்கங்களைக் கண்டு பெருமைப்பட்ட தலைமுறை நம்மிடமும் உண்டு. அந்தப் பெண்களின் கல்லீரலும் கருப்பையும் அதற்குக் கொடுத்த விலையை அவர்கள் பிற்காலத்தில் நீதிமன்றத்தில் சொன்னார்கள். மனிதனைக் கருவியாக்கும் எந்த அமைப்பும், எந்தக் கொடியை ஏற்றினாலும், தன் பெயரைத் தானே பொய்யாக்கிக்கொள்கிறது. சந்தைக்காகக் குழந்தையைப் பிழிவது தவறென்றால் அரசின் பெருமைக்காகப் பிழிவதும் தவறே.

கண்டிப்பில்லாமல் பதக்கம் வருமா என்று கேட்பவர்கள் நார்வேயைப் பார்க்கலாம். ஏறத்தாழ 55 லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் விளையாட்டில் குழந்தைகளின் உரிமைகள் விதியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. 11 வயதுவரை தரவரிசைப் பட்டியல் கிடையாது. 13 வயதுவரை தேசியப் போட்டி கிடையாது. எந்த விளையாட்டை, எவ்வளவு நேரம் என்பதில் குழந்தையின் சொல்லுக்கு இடமுண்டு. அந்த நாடு 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் உள்ளிட்ட 37 பதக்கங்களுடன் உலகில் முதலிடம் பெற்றது. நார்வேயின் செல்வம் நம்மிடம் இல்லை என்பது சரி. ஆனால் குழந்தையை அடிக்காமல் இருப்பதற்குச் செல்வம் தேவையில்லை.

சட்டம் இருந்தும் என்ன?

நம்மிடம் சட்டங்கள் இல்லாமல் இல்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, 'பணியிடம்' என்பதன் விளக்கத்திலேயே விளையாட்டு நிறுவனம், அரங்கம், வளாகம், போட்டி நடக்கும் இடம் ஆகியவற்றை வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்திருப்பதாக அறிந்த எவரும் தெரிவித்தே ஆகவேண்டும். மறைக்கும் நிறுவனத் தலைவருக்குச் சிறைத்தண்டனை உண்டு. இத்தனை இருந்தும் 2023இல் 30 தேசிய சம்மேளனங்களில் பாதியில் சட்டப்படியான உள் புகார்க் குழு இல்லை என்ற செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து நோட்டீஸ் அனுப்பியது. நோட்டீசுகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை.

2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. பெண்களையும் சிறாரையும் காக்கப் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கை, நிர்வாகக் குழுவில் குறைந்தது நான்கு பெண்கள், வீரர்களுக்கான குழு, தனித் தீர்ப்பாயம் என்று அதில் நல்ல கூறுகள் உண்டு. ஜந்தர் மந்தரில் அமர்ந்த பெண்கள் இல்லாவிட்டால் இவை வந்திரா. ஆனால் சம்மேளனங்களை அங்கீகரிக்கவும் நீக்கவும் அதிகாரம் படைத்த தேசிய விளையாட்டு வாரியம் ஒன்றிய அரசால் நியமிக்கப்படுவது. ஆளுங்கட்சியின் மக்களவை உறுப்பினர் மீது புகார் எழுந்தபோது அதே ஒன்றிய அரசு எப்படி நடந்துகொண்டது என்பதை நாடு பார்த்தது. 2024 தேர்தலில் அவருக்குப் பதிலாக அவர் மகனுக்கே கைசர்கஞ்ச் தொகுதியை அந்தக் கட்சி வழங்கியதையும் பார்த்தது. காவலுக்கு வைப்பவரை யார் காவல் செய்வது என்ற பழைய கேள்வி அப்படியே நிற்கிறது.

பூட்டி வைப்பது பாதுகாப்பல்ல

இத்தகைய செய்திகள் வெளிவரும்போதெல்லாம் ஒரு பிற்போக்குக் குரலும் சேர்ந்தே எழுகிறது: 'இதற்குத்தான் பெண்பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டாம் என்றோம்.' இது வன்முறையாளரின் வேலையை நிறைவு செய்யும் குரல். அரைக்கால் சட்டை அணிந்து மண்ணில் இறங்கிய ஒவ்வொரு சிறுமியும் ஊரின் ஏச்சையும் சாதியின் வேலியையும் தாண்டித்தான் அங்கே வந்திருக்கிறாள். மைதானம் அவள் வென்ற நிலம். அங்கிருந்து அவளைத் திருப்பி அழைக்கக் கூடாது. அந்த நிலத்தில் அவள் அச்சமின்றி நிற்க வழி செய்ய வேண்டும். விடுதிக்கு மேலும் ஒரு பூட்டு, தொலைபேசிக்குத் தடை, பெற்றோர் வரக் கட்டுப்பாடு என்று 'பாதுகாப்பு' தேடுவோர் குழந்தையைக் குற்றவாளியோடு சேர்த்து உள்ளே அடைக்கிறார்கள்.

வென்று வந்தவரையும் இந்தச் சமூகம் எப்படிக் கைவிடும் என்பதற்குப் புதுக்கோட்டையின் சாந்தி சௌந்தரராஜன் சான்று. 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தரங்கமான மருத்துவச் செய்தி தொலைக்காட்சிகளில் ஓடியது. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் மீண்டும் சூளைக்கே கூலிக்குப் போனார். அவருக்காக எந்தச் சம்மேளனமும் சர்வதேச மன்றத்தில் வாதாடவில்லை.

நாம் கோருவது

முதலாவதாக, பயிற்சி தருவோர், அணி தேர்வு செய்வோர், புகார் விசாரிப்போர் ஆகிய மூவரும் வெவ்வேறானவர்களாக இருக்க வேண்டும். சம்மேளனங்களுக்கும் அமைச்சகத்துக்கும் கட்டுப்படாத, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் தனி அமைப்பு ஒன்று விசாரணையை ஏற்க வேண்டும். அதில் முன்னாள் வீராங்கனைகளும், குழந்தை நல வல்லுநர்களும், மாதர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும்.

இரண்டாவதாக, குழந்தைகள் தங்கிப் பயிலும் ஒவ்வொரு மையமும், அரசுடையதாயினும் தனியாருடையதாயினும், பதிவு செய்யப்பட வேண்டும். ஊருக்கு ஊர் முளைக்கும் தனியார் 'அகாடமி'களுக்கு இன்று கேள்வி கேட்பாரில்லை. பெண்கள் விடுதிக்குப் பெண் காப்பாளர், பெண் பயிற்சியாளர், வெளியிலிருந்து வரும் உளநல ஆலோசகர், தமிழ், இந்தி, மணிப்புரி, சந்தாலி என்று குழந்தை பேசும் மொழியிலேயே புகார் சொல்லும் வழி ஆகியவை உரிமத்துக்கான நிபந்தனைகளாக வேண்டும். குழந்தை தனக்குத் தெரியாத மொழியில் தன் வலியைச் சொல்ல முடியாது.

மூன்றாவதாக, வளரும் வயதினருக்கு எடைக் குறைப்பைத் தடைசெய்து, பயிற்சி நேரத்துக்கு வயதுவாரியாக உச்சவரம்பு விதிக்க வேண்டும். சிறார் ஊக்கமருந்து வழக்குகளில் முதல் குற்றவாளியாக மருந்தைக் கொடுத்தவரே நிறுத்தப்பட வேண்டும்.

நான்காவதாக, இதுவே எல்லாவற்றிலும் அடிப்படையானது: விடுதியில் சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் பட்டப்படிப்புவரை கல்வி, காயத்துக்கு ஆயுள்காலக் காப்பீடு, விலகினாலும் பறிக்கப்படாத உதவித்தொகை ஆகியவை சட்டப்படி உறுதியாக்கப்பட வேண்டும். விலகிச் செல்ல வழியுள்ள குழந்தையை யாரும் மிரட்ட முடியாது. மிரட்டலின் வேர் அறவே இல்லாத இடத்தில்தான் புகார்க் குழுவும் பயன் தரும்.

இவை மேலிருந்து வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நம் மாதர் சங்கமும் வாலிபர் சங்கமும் மாணவர் சங்கமும் தத்தம் மாவட்டத்தில் உள்ள விளையாட்டு விடுதியின் பெயரையாவது அறிந்திருக்கின்றனவா? அங்கே உள் புகார்க் குழு இருக்கிறதா, அதில் வெளி உறுப்பினர் யார், கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதப் பத்து ரூபாய் போதும். பெற்றோர் சங்கங்களை உருவாக்குவதும், மாதம் ஒருமுறை விடுதிக்குப் பெற்றோர் செல்லும் உரிமையைக் கேட்டுப் பெறுவதும் உள்ளூர்க் கிளைகளால் ஆகக்கூடிய வேலைகள்.

பாரிசுக்கு இந்தியா 117 பேரை அனுப்பியது. ஆறு பதக்கங்கள் வந்தன. அந்த 117 பேருக்குப் பின்னால், மாவட்டத்திலும் மாநிலத்திலும் தேர்வாகாமல் திரும்பிய பல்லாயிரம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் நல்ல உடலோடும், நிமிர்ந்த மனதோடும், கையில் படிப்போடும் வீடு திரும்பினார்களா என்பதுதான் ஒரு நாட்டின் விளையாட்டுக் கொள்கைக்கு உரைகல். 2030க்கும் 2036க்கும் நாள் குறித்திருப்போர் முதலில் இந்தக் கணக்கை மக்கள் முன் வைக்கட்டும்.